தாளம் தவறிய நெஞ்சு

1977ஆம் ஆண்டு, இருபத்திரண்டாம் வயதில், நாம் பம்பாய்க்கு வந்து சேர்ந்தோம். அந்நாளில் தாதர் நிலையத்து மேம்பாலத்தை ஒரே மூச்சில் ஏறி இறங்கி, நகரத் தொடங்கிய வண்டியில் தொற்றிக்கொள்வது நமக்கு அன்றாட வழக்கம். நெஞ்சு என்று ஒன்று உள்ளே உழைத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைவே இராது. ஒழுங்காக வேலை செய்கிறவரை ஒருவரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் தவறினால் எல்லாரும் கவனிக்கிறார்கள். அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு உள்ள இந்த விதியே இருதயத்துக்கும் உரியது போலும்.

இக்கட்டுரையில் 'நாம்' என்று எழுதுவது பெருமை கருதி அன்று. தாளம் தவறியது ஒருவர் நெஞ்சுதான். ஆனால் அந்த நோயைச் சுமந்தவர்கள் வீட்டில் இருவர். இரவில் விழித்திருந்தவர், மாத்திரை எண்ணியவர், டாக்டரிடம் கேட்கவேண்டியதை நினைவூட்டியவர் நம் இல்லாளே. ஆதலால் 'நான்' என்று எழுதக் கை வரவில்லை.

2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அது தொடங்கிற்று. படுக்கையில் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் நெஞ்சுக்குள் ஒரு குருவி சிறகடிப்பதுபோல் இருக்கும். சில நாள் அரை மணியில் அடங்கும். சில நாள் விடியும்வரை நீடிக்கும். மாடிப்படி ஏறினால் களைப்பு. வயது அறுபத்தாறு ஆயிற்று, களைப்பு வராமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டோம். இல்லாள் விடவில்லை; பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

அங்கே நடந்ததை நம்மைப்போல் வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழ்வோர் அறிந்துகொள்வது நல்லது. அந்த இளைஞர் இந்தியில், "கப்ராஹட் உண்டா?" என்று கேட்டார். நாம் தமிழில் எண்ணி இந்தியில் பேசுகிறவர்கள். படபடப்பைத்தான் கேட்கிறார் போலும் என்று எண்ணி, "ஆம், நிறைய உண்டு" என்றோம். இந்தியில் அச்சொல் மனக் கலக்கத்தையே பெரிதும் குறிக்கும் என்பது பின்னர்தான் விளங்கிற்று. அவர் நாடியைத் தொட்டும் பாராமல், கவலையை விடும்படி சொல்லி, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் அதை உண்டோம். நன்றாகத் தூங்கினோம், குருவி மட்டும் பறந்துபோகவில்லை.

பிறகு மகள் வாங்கி அனுப்பிய இரத்த அழுத்தக் கருவி உதவிக்கு வந்தது. அதன் முகப்பில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு இருதயப் படம் விட்டுவிட்டு மின்னிற்று. மகளிடம் தொலைபேசியில் கேட்டோம். "அப்பா, துடிப்பு ஒழுங்காக இல்லை என்று அதற்குப் பொருள். இன்றே போய் ஈ.சி.ஜி. எடுங்கள்" என்றாள். எடுத்தோம். இம்முறை பெரிய மருத்துவமனை ஒன்றில், இருதய நோய் அறிந்த டாக்டர் தாளைப் பார்த்த ஒரு நிமிடத்தில் நோயின் பெயரைச் சொன்னார்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

பெயர் நீளமாக இருப்பினும் நோய் விளங்காதது அன்று. இருதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறையின் ஓர் ஓரத்தில் பிறக்கும் மின் தூண்டல் ஒன்று மேலறைகளை முதலில் சுருக்கி, நடுவே உள்ள ஒரு வாசலைக் கடந்து, கீழறைகளைச் சுருக்குகிறது. அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இது நிகழும். இந்நோயில் மேலறைகளில் ஒரு தலைவன் இல்லாமல் போகிறான். நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தூண்டல்கள் தாறுமாறாக எழுகின்றன. மேலறைகள் சுருங்காமல் நடுங்குகின்றன. நடுவாசல் அவற்றுள் சிலவற்றை மட்டுமே கீழே விடுகிறது. விடுவதிலும் ஒழுங்கு இல்லை. ஆகையால் நாடி ஒரு சமயம் விரைந்தும், ஒரு சமயம் தயங்கியும் ஓடுகிறது. இதை வரைந்து காட்டும் கருவியை நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரில் அமைத்தவர் வில்லெம் ஐந்தோவன். அதற்காக 1924ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்.

டாக்டர் சொன்ன மற்றொரு செய்திதான் நம்மைத் திடுக்கிட வைத்தது. "துடிப்பு தவறுவதைவிடப் பெரிய அபாயம் வேறு உண்டு. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கினால் உறையும். இடது மேலறையின் மூலையில் பை போன்ற ஓர் இடம் இருக்கிறது; பெரும்பாலும் கட்டி அங்கேதான் உண்டாகும். அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்" என்றார். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்னும் ஊரின் மக்களை 1948 முதல் தொடர்ந்து கவனித்து வந்த ஆராய்ச்சியில், இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டார்களாம்.

அந்த வாய்ப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. டாக்டர்கள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உயர்ந்த இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று, இருதயத் தளர்ச்சிக்கு ஒன்று, இரத்தக்குழாய் நோய்க்கு ஒன்று, வயது 65ஐக் கடந்தால் ஒன்று, 75ஐக் கடந்தால் இரண்டு, முன்பே பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்திருந்தால் இரண்டு. பெண்ணாயிருந்தால் ஒன்று கூட்டுவதும் உண்டு. நமக்கு அப்போது இரத்த அழுத்தத்துக்கு ஒன்றும் வயதுக்கு ஒன்றுமாக இரண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை வேண்டும் என்பதற்கு அதுவே போதும் என்றார் டாக்டர். அபிக்சபான் என்னும் மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று. துடிப்பின் வேகத்தைக் குறைக்க வேறொன்று. தைராய்டுச் சுரப்பி மிகுந்தாலும் இந்நோய் வருமாதலால் அதற்கும் சோதனை செய்தார்; நமக்கு அது சரியாகவே இருந்தது. குறட்டை விடுவதுண்டா, உறக்கத்தில் மூச்சு நிற்பதுண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று இல்லாளையே கேட்டார். முதல் கேள்விக்கு அவள் சொன்ன பதில் சற்று நீண்டது, இங்கே எழுதுவதற்கில்லை.

இரண்டு ஆண்டு இவ்வாறு நலமாகவே கழிந்தது. நலமாக இருந்ததே தீங்காயிற்று.

2023ஆம் ஆண்டு மே மாதம் இல்லாளின் தம்பி மகனுக்கு அம்பாசமுத்திரத்தில் திருமணம். நாகர்கோவில் விரைவு வண்டியில் திருநெல்வேலி போய் அங்கிருந்து ஊர் சேர்ந்தோம். போன இடத்தில் பல் வலி. பல் டாக்டர், மாத்திரை உண்பதைக் கேட்டறிந்து, ஒரு வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால் பல்லைப் பிடுங்கலாம் என்றார். பிடுங்கினார், மறுநாள் முதல் மாத்திரையைத் தொடரும்படி சொல்லியே அனுப்பினார்.

மைத்துனர் நல்லவர், நம்மேல் அன்பு மிக்கவர். "அத்தான், அது எலிக்கு வைக்கிற மருந்து என்று படித்திருக்கிறேன். இரத்தத்தைத் தண்ணீராக்கி விடும். திருமண வீட்டில் கத்தியும் அரிவாள்மணையுமாக இருக்கிறது. எங்கேயாவது வெட்டிக்கொண்டால் என்ன ஆவது? நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? பம்பாய் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். உண்மையில் நமக்கும் அந்த மாத்திரையின்மேல் சலிப்பு இருந்தது. உண்டால் ஒரு சுகமும் தெரிவதில்லை. உண்ணாவிட்டால் ஒரு துன்பமும் தெரிவதில்லை. மைத்துனர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு, இல்லாளிடமும் சொல்லாமல், பன்னிரண்டு நாள் உண்ணாதிருந்தோம். பிழை மைத்துனருடையது அன்று; நம்முடையதே.

பன்னிரண்டாம் நாள் காலை. திருமணம் முடிந்து விருந்தினர் பெரும்பாலும் போய்விட்டார்கள். திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளை எடுத்தோம். மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவரும்படி இல்லாளிடம் சொல்ல நினைத்தோம். "சாவி" என்றோம். அதுவன்று என்று தெரிகிறது. ஆனால் வேண்டிய சொல் வரவில்லை. மறுபடியும் "சாவி, சாவி" என்றே வாய் சொல்கிறது. காப்பி டம்ளரைப் பற்றியிருந்த வலக்கை தளர்ந்து, காப்பி வேட்டியில் கொட்டிற்று. சூடு தெரிந்தது, சுடுகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

நாற்பத்தாறு ஆண்டு வேற்று மொழி வழங்கும் ஊரில் இருந்து, ஞாயிறுதோறும் சங்கத்து வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு 'அ', 'ஆ' எழுதக் கற்பித்தவர்கள் நாம். பிறந்த மண்ணில், சொந்தத் திண்ணையில், தாய்மொழியில் ஒரு சொல் கிடைக்காமல் தவித்தோம். இல்லாளின் முகத்தைப் பார்த்தோம். அவள் அஞ்சியதை அதற்குமுன் நாம் கண்டதில்லை.

பத்து நிமிடத்துக்குள் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கையும் சரியாயிற்று. "சரியாகிவிட்டதே, படுத்து ஓய்வெடுக்கட்டும்" என்றார்கள் வீட்டில். இல்லாள் ஒப்பவில்லை. வாடகைக் காரில் ஏற்றித் திருநெல்வேலி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, நிலையான கேடு ஒன்றும் இல்லை என்றார்கள். சிறு கட்டி ஒன்று போய் அடைத்துத் தானே கரைந்திருக்க வேண்டும், இது முன்னறிகுறி, அடுத்தது இவ்வாறு விட்டுப் போகாது என்றார் அங்கிருந்த டாக்டர். "எத்தனை நாளாக மாத்திரை உண்ணவில்லை?" என்று கேட்டார். இல்லாள் நம்மைப் பார்த்தாள். பன்னிரண்டு நாள் என்று சொன்னோம். அம்மாத்திரையின் காவல் நிறுத்திய ஓரிரு நாளிலேயே நீங்கிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இங்கே ஒன்றை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கையோ காலோ தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், தானே சரியானாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட வேண்டும் என்பது விதி. உறவினரைக் கேட்டு முடிவு செய்யும் நேரம் அதில் அடங்காது.

மைத்துனர் சொன்ன எலி மருந்துக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புத் தீவன வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தறிந்தார். அந்த வழியில் உண்டான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கும் மருந்தாயிற்று. 1955இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கே அது கொடுக்கப்பட்டது. அளவு மிகுந்தால் நஞ்சு. அளவோடு நின்றால் மருந்து. மேலும் நாம் உண்டது அதுவன்று, பிற்காலத்து வேறொரு மருந்து. பாதி உண்மை தெரிந்த அன்பு, ஒன்றும் தெரியாத அலட்சியத்தைவிட ஆபத்தானது என்று கண்டோம்.

பம்பாய் திரும்பிய பின்னர்தான் உண்மையான ஆலோசனை தொடங்கிற்று. நம் கணக்கு இப்போது நான்காகிவிட்டது. ஊரிலிருந்து தம்பி, "அண்ணே, அங்கே இருந்து என்ன செய்யப் போகிறீர்கள்? இங்கே வந்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினான். மகளோ அறுவை இல்லாமல் குழாய் வழியே செய்யும் சிகிச்சையைச் செய்துகொள்ளும்படி வற்புறுத்தினாள். ஊரில் பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கென்று சேர்த்துவைத்த பணம் இருந்தது. அதை எடுத்தால் வீடு இல்லை. எடுக்காவிட்டால் உடல் என்ன ஆகும் என்ற எண்ணம் இரவெல்லாம் அரித்தது. இல்லாள், "வீடு இடிந்தால் கட்டிக்கொள்ளலாம். நீங்கள் கேட்கவேண்டியதை எல்லாம் தாளில் எழுதுங்கள், டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்போம்" என்றாள். ஒன்பது கேள்வி எழுதினோம்.

டாக்டர் பொறுமையாக விடை சொன்னார். அவர் சொன்னதை நம் நண்பர் ஒருவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் மிருதங்க வித்துவான். மாதுங்காவில் பல கச்சேரிகளுக்கு வாசித்தவர். கேட்டுவிட்டு, "விளங்கிற்று. காலப்பிரமாணத்தை மட்டும் கட்டிப்போடுவது ஒரு வழி, தாளத்தையே திருத்துவது மற்றொரு வழி" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

காலப்பிரமாணத்தைக் கட்டிப்போடுவது என்றால், தாளம் தவறினால் தவறட்டும், வேகம் மட்டும் மிகாமல் மாத்திரையால் காப்பது. தாளத்தைத் திருத்துவதற்கு மூன்று முறை உண்டு. முதலாவது மாத்திரை. அமியோடரோன் என்பது வலிமை மிக்கது; ஆனால் நெடுநாள் உண்டால் தைராய்டையும் நுரையீரலையும் ஈரலையும் கெடுக்கக்கூடும் என்பதால் அடிக்கடி சோதனை வேண்டும். இரண்டாவது, சிறிது நேரம் மயக்கம் கொடுத்து மார்பின்மேல் மின்னதிர்ச்சி தருவது. 1962இல் பெர்னார்ட் லௌன் என்னும் டாக்டர் வழக்கில் கொண்டுவந்த முறை இது. அதற்குமுன் மூன்று வாரமேனும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை ஒரு வேளையும் விடாமல் உண்டிருக்க வேண்டும். பின்னரும் நான்கு வாரமேனும் விடக்கூடாது. மூன்றாவது, தொடைப் பக்கத்து நரம்பின் வழியே மெல்லிய குழாயை இருதயத்துக்குள் செலுத்தி, தவறான தூண்டல் பிறக்கும் இடத்தைச் சுற்றிச் சுட்டோ உறைய வைத்தோ வேலி கட்டுவது. இதை அப்ளேஷன் என்கிறார்கள். நுரையீரலிலிருந்து இருதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களின் வாயிலில்தான் அத்தூண்டல்கள் பெரும்பாலும் பிறக்கின்றன என்று பிரான்சு நாட்டு போர்தோ நகரத்து டாக்டர்கள் 1998இல் கண்டறிந்ததிலிருந்து இச்சிகிச்சை பரவிற்று.

எது சிறந்தது என்று கேட்டோம். ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை என்றார். 2002இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியில் 4,060 பேரைக் கவனித்தார்கள். மாத்திரையால் தாளத்தைத் திருத்தியவர்களும், வேகத்தை மட்டும் காத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவே வாழ்ந்தார்கள். 2020இல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சியிலோ, நோய் கண்ட ஓராண்டுக்குள் தாளத்தைத் திருத்தத் தொடங்கியவர்களுக்குப் பக்கவாதம் முதலியவை குறைந்தன. அப்ளேஷனையும் மாத்திரையையும் ஒப்பிட்டு 2019இல் வந்த ஆராய்ச்சியில் உயிர் காப்பதில் பெரிய வேறுபாடு நிறுவப்படவில்லை. ஆனால் அப்ளேஷன் செய்துகொண்டவர்கள் அன்றாட வாழ்வில் சுகம் கூடக் கண்டார்கள். அதிலும் நூற்றுக்குச் சிலருக்குத் தீங்கு நேர்வதுண்டு. சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரும்.

நம் மனத்தின் அடியில் கிடந்த கேள்வியை இல்லாளே கேட்டாள்: "அந்தச் சிகிச்சை செய்தால் இரத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?" டாக்டர் தலையை அசைத்தார். "இவருக்கு முடியாது. தாளம் திருந்தினாலும் கணக்கு நான்குதான். அந்த மாத்திரை எப்போதும் வேண்டும். அதை விடுவதற்காக அப்ளேஷன் செய்வதாயிருந்தால் செய்ய வேண்டா. இவர் எப்படி வாழ விரும்புகிறார் என்பதற்காகச் செய்வதாயிருந்தால் யோசிக்கலாம்" என்றார்.

பின்னர் அவரே ஒரு வழி சொன்னார். மின்னதிர்ச்சியால் ஒருமுறை தாளத்தைத் திருத்திப் பார்ப்போம். திருந்திய நாள்களில் உடலில் என்ன வேறுபாடு தெரிகிறது என்று கவனியுங்கள். பிறகு முடிவு செய்யலாம் என்றார். மூன்று வாரம் வேளை தவறாமல் மாத்திரை உண்டு, மருத்துவமனைக்குப் போனோம். ஐந்து நிமிட உறக்கம். விழித்தபோது மார்பில் சற்றே எரிச்சல். நாடியோ கடிகாரம்போல் நடந்தது. இல்லாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நாள்தோறும் நாடி எத்தனை, படி ஏறுகையில் எத்தனை முறை நின்றோம், இரவு உறக்கம் எப்படி என்று எழுதத் தொடங்கினாள்.

ஏழு வாரம் தாளம் நின்றது. எட்டாம் வாரம் குருவி திரும்பி வந்தது. நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். தாளம் சரியாக இருந்த நாள்களில் தாதர் மேம்பாலத்தில் நிற்காமல் ஏறினோம். தவறிய நாள்களில் இடையே ஒரு முறை நின்றோம். மற்றபடி உறக்கமும் உணவும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் இரண்டிலும் ஒன்றே. வேகத்துக்கான மாத்திரையின் அளவைச் சற்று மாற்றிய பின் படபடப்பும் மிகக் குறைந்தது. நம் மேலறை ஏற்கெனவே விரிந்திருக்கிறது, நோயும் இரண்டாண்டைக் கடந்துவிட்டது, ஆதலால் அப்ளேஷன் நிலைத்த பலன் தரும் வாய்ப்பு இளையவர்க்குள்ள அளவு இல்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. படியில் ஒரு முறை நிற்பதற்காக இருதயத்துக்குள் குழாய் செலுத்த வேண்டா என்று முடிவு செய்தோம். "இந்த முடிவில் தவறில்லை, உடல்நிலை மாறினால் மறுபடியும் பேசுவோம்" என்றார் டாக்டர். முதல் ஆண்டிலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் விடை வேறாயிருக்கலாம் என்ற வருத்தம் நமக்கு இல்லாமல் இல்லை.

இதைப் படித்துவிட்டு, அப்ளேஷன் வேண்டா என்று நாம் பிறருக்குச் சொல்வதாக யாரும் கருதலாகாது. நம் சங்கத்து அன்பர் ஒருவருக்கு வயது நாற்பத்தெட்டு. நினையாத நேரத்தில் நோய் வரும், வந்தால் நிற்கவும் முடியாமல் அலுவலகத்தில் படுத்துவிடுவார், தானே போய்விடும். மாத்திரைக்கு அடங்கவில்லை. அப்ளேஷன் செய்துகொண்டார். முதல் மூன்று மாதம், புண் ஆறும் காலத்தில், சில முறை வந்து அச்சுறுத்திற்று, பிறகு ஓய்ந்தது. அவருக்கு இரத்த அழுத்தமோ நீரிழிவோ இல்லை, கணக்கு சுழி. ஆதலால் சில மாதத்துக்குப்பின் இரத்த மாத்திரையையும் டாக்டரே நிறுத்தினார். அவருக்கு அது சரி. நமக்கு இது சரி.

தாராவியில் இருக்கும் நம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் செய்தி வேறு. இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் இருதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால் இந்நோய் வந்தது. நம் நாட்டில் வயது குறைந்தவர்களுக்கு இந்நோய் வருவதற்கு இது முக்கியமான காரணம். அவள் மாதந்தோறும் இரத்தச் சோதனைக்கு நாள்கூலியை இழந்து போய் நிற்க வேண்டும், ஐ.என்.ஆர். என்னும் எண் 2க்கும் 3க்கும் இடையே இருக்கும்படி பழைய வகை மருந்தின் அளவை மாற்றுவார்கள். கீரையை ஒரு நாள் மிகுதியாகவும் ஒரு வாரம் இல்லாமலும் உண்ணாமல் ஒரே அளவாக உண்ண வேண்டும். அவள் கணவன் வந்து, "ஐயா, சோதனை வேண்டாத புது மாத்திரை உங்களிடம் இருக்கிறதாமே" என்று கேட்டான். இரக்கத்தால் ஓர் அட்டையை எடுத்துக் கொடுக்கவே போனோம். இல்லாள் தடுத்து, முதலில் டாக்டரைக் கேட்கச் சொன்னாள். அவ்வகை வால்வு நோய் உள்ளவர்களுக்குப் பழைய மருந்தே உயிரைக் காக்கிறது என்று 2022இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியிருக்கிறது என்றார் டாக்டர். மைத்துனர் நமக்குச் செய்ததை நாம் அவளுக்குச் செய்யவிருந்தோம். அன்று முதல் மருந்தைப்பற்றி யாருக்கும் யோசனை சொல்வதில்லை. டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்றுமட்டும் சொல்கிறோம்.

நாம் கைக்கொண்ட சில பழக்கங்கள் பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம். நெஞ்சின் நோவைச் சொல்லும்போது ஒற்றைச் சொல்லை நம்பாமல், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன செய்கையில் மிகுகிறது என்று விளக்கிச் சொல்கிறோம். கையால் தாளம் போட்டுக் காட்டவும் கூசுவதில்லை. காலையில் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுகிறோம். உண்ணும் மாத்திரையின் பெயரை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். வண்டியில் மயங்கி விழுந்தால் நம்மைத் தூக்குகிறவர் தமிழராயிருக்க வேண்டும் என்பதில்லை. ஊருக்குப் போனால் பத்து நாள் மாத்திரை கூடவே எடுத்துச் செல்கிறோம். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இரத்தக் கசிவை மிகுவிக்கும் என்பதால் கேளாமல் உண்பதில்லை. பல் பிடுங்குவதாயிருந்தால் எத்தனை வேளை நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை எழுதி வாங்கிக்கொள்கிறோம். அந்தத் தாள் இல்லாளிடம் இருக்கும், நம்மிடம் இருப்பதில்லை.

சேர்த்த பணத்தில் ஊர் வீட்டின் ஓட்டை மாற்றினோம். சென்ற முறை போயிருந்தபோது மைத்துனர் திண்ணையில் நம் பக்கத்தில் அமர்ந்து, மாலை ஏழரை மணி ஆனதும், "அத்தான், மாத்திரை" என்று தாமே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது எழுபதை எட்டிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகையில் தாதர் மேம்பாலத்தில் பாதிப் படியில் ஒரு முறை நிற்கிறோம். முழங்கால் வலியால் இல்லாளும் அங்கேயே நிற்கிறாள். கீழே வண்டிகள் போகின்றன. இளைஞர்கள் நம்மைத் தாண்டி ஓடுகிறார்கள். மூச்சு நிலைக்கு வந்ததும் மீதிப் படியை ஏறுகிறோம். வகுப்பில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய சொற்கள் இன்னும் நம்மிடம் இருக்கின்றன.